வாசலோரத்து இடம்

“கூடத்தை மாத்தி அமைக்கணும். உங்க சம்மதம் வேணும்” என்றார் ஆதிமூலம்.

அறம்வளர்த்தாள் தூதுவளை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எதுக்கு அண்ணாச்சி?”

“ஆட்கள் உட்கார்ற ஒழுங்கு சரியில்லை. அதனாலதான் ஒரு உசிரு போச்சு.”

அவள் கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள்.

*

மலைச்சரிவில் இருந்தது அந்த வைத்திய மடம். அறம்வளர்த்தாளின் அப்பா நடத்தி வந்தார். அவரிடம் முதலில் வந்து சேர்ந்தவர் ஆதிமூலம். அறம்வளர்த்தாள் பாவாடை கட்டிய வயதில், அவளுக்கு முதல் மூலிகையைப் பறித்துக் காட்டியதுகூட ஆதிமூலம்தான்.

பெரியவர் படுக்கையில் விழுந்தபோது, அடுத்து மடம் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஆதிமூலத்துக்கு என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

பெரியவர் மகளைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடினார்.

ஆதிமூலம் அதைப் பற்றி ஒருவரிடமும் பேசியதில்லை. தன்னைவிட இளையவளான அவளை அன்று முதல் ‘நாச்சியார்’ என்று அழைத்தார். அவள் முன்னைப் போலவே ‘அண்ணாச்சி’ என்றாள். பாடம் சொல்லும் பொறுப்பை அவரிடமே விட்டாள்.

அவர் நன்றாகப் பாடம் சொன்னார். அவரைப் பிடிக்காதவர்களும் அதை ஒப்புக்கொள்வார்கள்.

மடத்தில் ஏட்டில் எழுதும் வழக்கம் இல்லை. எல்லாம் செவிவழி. ஆசிரியர் சொல்வார். கேட்க வேண்டும். திருப்பிச் சொல்ல வேண்டும். மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அப்படிக் கேட்டுப் படித்தவர்களில் ஒருத்தி உலகம்மை.

*

உலகம்மை ஆனைக்கல் ஊரின் மருத்துவச்சி. நாற்பது தாண்டியவள். புருஷன் இல்லை. ஒரே மகள் வடிவு.

எத்தனையோ பிள்ளைகளை அவள் கையில் வாங்கியிருந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, பெற்றவள் மட்டும் பின்னால் வந்த காய்ச்சலில் போய்விடுவதையும் பார்த்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போடுவதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியாது. அந்த இயலாமை தாங்காமல்தான் மலை ஏறி வந்தாள்.

இரண்டு மழைக்காலம் இருந்தாள். பிறகு ஊருக்குத் திரும்பினாள்.

வடிவின் புருஷன் தளவாய்க்குக் குளிர்காய்ச்சல் வந்தது. உலகம்மை நாபிக் கிழங்கில் மருந்து செய்து கொடுத்தாள்.

நாபி நஞ்சு. சுத்தி செய்து அளவோடு கொடுத்தால் காய்ச்சல் இறங்கும். அளவு, அரை அரிசி எடை.

உலகம்மை ஆறு அரிசி எடை கொடுத்தாள்.

நாக்கு மரத்துப்போகிறது என்றான் தளவாய். பிறகு விரல் என்றான். பிறகு பேசவில்லை. விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டது. வடிவின் இடுப்பில் இன்னும் நிற்கப் பழகாத பிள்ளை இருந்தது.

ஊர்க்காரர்கள் உலகம்மையை முன்னால் விட்டுக்கொண்டு மடத்துக்கு வந்தார்கள். அறம்வளர்த்தாள் மூலிகை எடுக்க மேல்மலைக்குப் போயிருந்தாள். ஆதிமூலம்தான் முற்றத்தில் நின்று பதில் சொன்னார். நான் சொன்னது அரை அரிசி. இங்கே இருக்கிற யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஊர்க்காரர்கள் விசாரித்தார்கள். மாணாக்கர்கள் ஒருவர் பின் ஒருவராக அரை என்றார்கள்.

உலகம்மையைப் பார்த்தார்கள்.

“எனக்கு ஆறுன்னுதான் பதிஞ்சிருக்கு” என்றாள் அவள். வேறொன்றும் சொல்லவில்லை.

இவள் இந்த மடத்து மாணாக்கி இல்லை என்று ஆதிமூலம் எல்லார் முன்னாலும் சொன்னார். ஊர்க்காரர்கள் இறங்கிப் போனார்கள். அவளும் இறங்கிப் போனாள்.

அறம்வளர்த்தாள் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டாள்.  அவள் பேசாமலே இருந்தது ஆதிமூலத்துக்கு ஏதோ செய்தது. அதனால்தான் இன்று அவரே தேடி வந்திருந்தார்.

*

“மந்தமான ஆட்களைப் பின்னால விட்டது என் தப்பு. அவங்களை என் கண்ணு முன்னால வச்சிருக்கணும்” என்றார்.

“உலகம்மை மந்தமா?”

“இல்லைன்னா அரைங்கிறது ஆறுன்னு விழுமா?”

அறம்வளர்த்தாள் மறுபடி ஒரு தூதுவளை இலையை எடுத்து முள்ளைக் கிள்ளினாள்.

“மாத்துங்க” என்றாள்.

*

கூடம் நீளமானது. மேற்குக் கோடியில் ஆதிமூலத்தின் பலகை. கிழக்குக் கோடியில் வாசல். வாசலுக்கு வெளியே கொட்டகை. அங்கேதான் மருந்து இடிக்கும் உரல்களும் அரைக்கும் கல்வங்களும் இருந்தன. காலையிலிருந்து அங்கே வேலை நடக்கும்.

அதுவரை சூட்டிகையானவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். செண்பகராமன் எல்லாருக்கும் முன்னால், பலகையைத் தொடுகிற தூரத்தில் இருந்தான். ஆதிமூலம் வாக்கியத்தைத் தொடங்கினால் அவன் முடித்துவிடுவான். மற்றவர்கள் அவனுக்குப் பின்னால். அவர்களுக்குப் பின்னால் இன்னும் மற்றவர்கள்.

ஆதிமூலம் அதைத் தலைகீழாக்கினார். பின்வரிசை முன்னால் வந்தது.

முன்னால் வந்தவர்களுக்கு வாய் வரவில்லை. அவர் பார்வை பட்டதும் தெரிந்ததும் மறந்துபோனது. பின்னால் போன செண்பகராமன் தூணில் சாய்ந்துகொண்டு நகத்தைக் கடித்தான்.

அறம்வளர்த்தாள் ஒருநாள் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பாடம் முடிந்ததும் எழுந்தாள்.

“எப்படி இருந்தது நாச்சியார்?”

“முன்னால பயம். பின்னால தூக்கம்.”

போய்விட்டாள்.

*

ஆதிமூலம் யோசித்தார். முன், பின் என்று இருப்பதால்தானே இந்த வம்பு. வட்டமாக உட்கார வைத்தார். தாம் நடுவில் நின்றார். எல்லாரும் ஒரே தூரம். இனி யாரும் குறை சொல்ல முடியாது.

சொல்லிக்கொண்டே திரும்பித் திரும்பி நின்றார். கழுத்து வலித்தது. ஆனாலும் மனதுக்குத் திருப்தியாக இருந்தது.

அறம்வளர்த்தாள் வந்தாள். வட்டத்தில் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்தாள். அன்றைய பாடத்தில் பெரும்பகுதி ஆதிமூலம் செண்பகராமன் இருந்த பக்கம் பார்த்தே நின்றார். அவருக்கே அது தெரியவில்லை.

முடிந்ததும் கேட்டார்.

“உங்க முதுகு இன்னும் நிமிர்ந்துதான் இருக்கு அண்ணாச்சி” என்றாள் அவள்.

பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். தம் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள், பாதிப் பேர் பாடம் முழுக்கத் தம் முதுகைத்தான் பார்த்தார்கள் என்பதும் அது பாராட்டு இல்லை என்பதும் புரிந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

*

மூன்றாவதாகக் கூட்டத்தைச் சிறு சிறு குழுவாகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் நன்றாகப் படித்த ஒருவனைத் தலைவனாக்கினார். அவர் அவர்களுக்குச் சொல்லுவார். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுவார்கள்.

செண்பகராமன் உற்சாகமாகிவிட்டான். ஆதிமூலம் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டான். அவரைப் போலவே சுட்டுவிரலைத் தொடையில் தட்டித் தட்டிச் சொன்னான். ஒருவன் தப்பாகச் சொன்னபோது ஒற்றைப் புருவத்தைத் தூக்கி மற்றவர்களைப் பார்த்தான். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தப்பாகச் சொன்னவன் அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை.

அறம்வளர்த்தாள் நின்றபடியே பார்த்தாள்.

“செண்பகராமன் அப்படியே உங்களை மாதிரியே சொல்லித் தாரான்.”

ஆதிமூலத்துக்குச் சிரிப்பு வந்தது. “நல்ல பிள்ளை” என்றார்.

அவள் சிரிக்கவில்லை.

அவருக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. இத்தனை நாளாக எதைச் செய்தாலும் ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். அவளுடைய அப்பாவும் இப்படித்தான். ஆனால் அவர் பெரியவர்.

“நீங்களே சொல்லிடுங்க நாச்சியார். எப்படி உட்கார வைக்கணும்? பெரியவர் இந்த மடத்தை உங்ககிட்டத்தானே விட்டுட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அந்தப் பேச்சில் இருந்த முள் அவளுக்குத் தைத்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

“உலகம்மை எங்கே உட்கார்ந்திருந்தா?” என்று கேட்டாள்.

ஆதிமூலம் கூடத்தின் பக்கம் திரும்பினார்.

யோசித்துப் பார்த்தார். இரண்டு மழைக்காலம் தினமும் எதிரே இருந்தவள். அவளுடைய முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் முற்றத்தில் ஊர்க்காரர்களுக்கு நடுவே நின்ற முகம்தான் வந்தது. கூடத்தில் எந்த மூலையில் தேடியும் அவள் இல்லை.

மாணாக்கர்களைக் கேட்டார். தூண் பக்கம் என்றான் ஒருவன். இல்லை, சன்னல் பக்கம் என்றான் இன்னொருவன். செண்பகராமன், நான் திரும்பிப் பார்த்ததே இல்லை ஐயா என்றான். கடைசியில் ஒருவன் சொன்னான். அவள் வந்து சேர்ந்தபோது வரிசைகள் நிறைந்திருந்தன. யாரும் நகர்ந்து கொடுக்கவில்லை. வாசல் நிலையை ஒட்டி, பாதி உடம்பு உள்ளேயும் பாதி உடம்பு வெளியேயுமாக உட்கார்ந்தாள். கடைசி வரை அங்கேயேதான் இருந்தாள்.

ஆதிமூலம் அதைப் போய்ச் சொன்னார்.

“நாளைக்கு எல்லாரையும் பழைய ஒழுங்குல உட்காரச் சொல்லுங்க. பாடம் நான் எடுக்கிறேன். நீங்க அந்த வாசலோரத்துல உட்காருங்க” என்றாள் அறம்வளர்த்தாள்.

*

அவர் அங்கே போய் உட்கார்ந்தபோது மாணாக்கர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டார்கள். தம்முடைய மாணாக்கர்களின் பிடரிகளை ஆதிமூலம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

முதுகில் வெயில் அடித்தது. கொட்டகையில் வேலை தொடங்கியது. இன்று சத்தம் போட வேண்டாம் என்று யாரும் போய்ச் சொல்லவில்லை.

அறம்வளர்த்தாள் பலகையில் உட்கார்ந்தாள். எப்போதும் பேசுகிற குரலிலேயே பேசினாள். இது என் அப்பா எனக்கு மட்டும் சொன்ன மருந்து, இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, இதில் நாபி சேர்கிறது என்று தொடங்கினாள்.

அது மட்டும் ஆதிமூலத்துக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. பெரியவர் தமக்குச் சொல்லாத மருந்து ஒன்று இருந்திருக்கிறது.

அதன்பிறகு உலக்கை விழுந்தது. ஒரு சொல் வந்தது. உலக்கை விழுந்தது. பாதிச் சொல் வந்தது. கல்வத்தில் குழவி உருளும் ஓசை இடைவெளிகளை நிரப்பிக்கொண்டது. வாக்கியத்தின் தலை வந்தால் வால் வரவில்லை.

அவர் உடம்பை முன்னால் சாய்த்தார். கையைக் காதருகே கொண்டுபோனார்.

நடுவரிசையில் ஒருவன் திரும்பி அவரைப் பார்த்தான்.

ஆதிமூலம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். கையை மடியில் வைத்தார். எல்லாம் விளங்குகிறவர் போல் மெதுவாகத் தலையை ஆட்டினார். பாடம் முடியும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அறம்வளர்த்தாள் எழுந்தாள். ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். கிண்ணத்தில் பொடி. கூடவே சின்னத் தராசும் கொஞ்சம் அரிசியும். அவர் முன்னால் வைத்தாள்.

“சொன்ன அளவை நிறுத்து எடுத்துச் சாப்பிடுங்க அண்ணாச்சி.”

எல்லாரும் திரும்பி உட்கார்ந்தார்கள்.

ஆதிமூலம் தராசைத் தூக்கினார். அளவு என்ன? அரிசி என்று முடிந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்னச் சொல். ‘கால்’ என்றாளா? ‘நாலு’ என்றாளா? நஞ்சுக்குக் கால்தான் இருக்க வேண்டும். ஆனால் வேறு சரக்கு சேர்ந்தால் வீரியம் முறியுமே, நாலாகவும் இருக்கலாம். எதெது சேர்கிறது என்று சொன்னாள்? அதுவும் விழவில்லை.

ஒரு அரிசியைத் தட்டில் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். தராசின் சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசின.

“கேட்கலை” என்றார்.

“என்ன அண்ணாச்சி?”

“எனக்குக் கேட்கலை.”

“அப்பவே ஏன் கேட்கலை?”

அவர் வரிசைகளைப் பார்த்தார். செண்பகராமன் ஒற்றைப் புருவத்தைத் தூக்கியிருந்தான்.

“எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்க” என்றார் மெல்ல.

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். கொட்டகைக்குப் போய் அடுப்புச் சாம்பலில் பொடியைக் கவிழ்த்தாள். திரும்பி வரவில்லை.

*

அதன்பிறகு ஆதிமூலம் அவளிடம் எந்த உத்தரவும் கேட்கவில்லை.

உரல்களையும் கல்வங்களையும் சரிவின் கீழ்ப்பக்கம் கொண்டுபோகச் செய்தார். உருட்டும்போது தாமும் தோள் கொடுத்தார். மேற்குக் கோடியில் இருந்த பலகையைப் பெயர்த்து, நீளச்சுவரின் நடுவில் போட்டார். இப்போது யாரும் அவருக்குத் தொலைவில் இல்லை. ஒவ்வொரு நாளும் நேற்றுப் பின்னால் இருந்தவர் இன்று முன்னால் வந்தார். செண்பகராமனுக்கும் விலக்கு இல்லை. பாடத்தை நிறுத்தி நிறுத்தி, காதில் விழுகிறதா என்று கேட்டார்.

நல்ல மாற்றம் தெரிந்தது. வாய் திறக்காதவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அளவுகளில் யாரும் தவறவில்லை.

ஆனால் அவருக்குத்தான் பாடம் ஓடவில்லை. நாபி என்ற சொல் வந்தால் பாதியில் நிறுத்திவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். பலகைக்கு நேர் எதிரே ஒரு இடத்தைக் காலியாக விட்டிருந்தார். அதில் யாரையும் உட்காரவிடவில்லை.

ஒருநாள் அறம்வளர்த்தாளிடம் போனார்.

“அந்த இடத்துல உட்கார்ந்தா யாருக்கும் கேட்காது. அவ மேல குத்தமில்லை. அதை நான் ஊர்ல போய்ச் சொல்லணும். அவளைத் திரும்பக் கூட்டிக்கிட்டு வரணும்.”

“வருவாளா?”

“முன்னாலயே இடம் வச்சிருக்கேன் நாச்சியார்.”

அறம்வளர்த்தாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். 

“போய்க் கேளுங்க” என்றாள்.

*

ஆனைக்கல்லில் வடிவு வீட்டு வாசலில் நின்றுகொண்டே பேசினாள். உள்ளே வரச் சொல்லவில்லை. பிள்ளை அவள் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தது.

ஆதிமூலம் தாம் யார் என்று சொன்னார். உங்கம்மா மேல் தப்பில்லை, மடத்தில் இடம் சரியில்லை, சத்தத்தில் தவறாகக் காதில் விழுந்திருக்கிறது என்று விளக்கினார்.

வடிவு கேட்டுவிட்டு, “அதனால?” என்றாள்.

 உங்கம்மா எங்கே என்று கேட்டார்.

“எம்புருசனுக்குத் தலை முழுகுன அன்னைக்கே அவளுக்கும் சேர்த்து முழுகிட்டேன்” என்றாள் வடிவு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

எதிர் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். ஊருக்கு வெளியே, ஓடை தாண்டி, சுண்ணாம்புக்கல் சுடுகிற காளவாய்.

*

காளவாயைச் சுற்றிலும் எல்லாம் வெள்ளையாக இருந்தது. மண் வெள்ளை. செடிகள் வெள்ளை. கூடை சுமக்கிற பெண்களின் புருவமும் வெள்ளை. யார் உலகம்மை என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள்தான் அவரைக் கண்டுகொண்டாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

“வாங்கய்யா. நாச்சியார் சுகமா இருக்காங்களா?”

அவர் கண் அவளுடைய கைகளில் போய் நின்றது. சுண்ணாம்பு தின்று விரல்கள் வெடித்திருந்தன. நகக்கண்கள் வெந்திருந்தன. தலை வெளியே வரும் குழந்தையை ஏந்திக்கொள்ள அந்தக் கைகளை இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவள் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

நிழல் என்று ஒன்றும் இல்லை. நின்றபடியே ஆதிமூலம் எல்லாவற்றையும் சொன்னார். கூடத்தை எப்படியெல்லாம் மாற்றிப் பார்த்தார் என்பது, வாசலோரத்தில் தாமே உட்கார்ந்தது, கிண்ணத்தின் முன்னால் அளவு தெரியாமல் நின்றது, உரல்களைக் கீழே இறக்கியது. எதையும் மறைக்கவில்லை. தப்பு அவள்மேல் இல்லை, அந்த இடத்தின் மேல்தான் என்றார். எதிரிலேயே ஓர் இடம் அவளுக்காகக் காத்திருக்கிறது என்றார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்.

நோயாளி சொல்வதைக் கேட்பது போல் அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சத்தம் இருந்துச்சுதான்” என்றாள்.

“இப்ப இல்ல. ஊசி விழுந்தாலும் கேட்கும்.”

“நல்லதுய்யா. வர்ற பிள்ளைகளுக்கு ஆகும்.”

அவ்வளவுதான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கூடை இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஆதிமூலத்துக்கு மனம் சுருங்கியது. இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். இவ்வளவு இறங்கி வந்திருக்கிறார். ஒரு நன்றிகூட இல்லை. தம்மை அறியாமல் குரல் பாடம் சொல்லும் குரலாகிவிட்டது.

“ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல உலகம்மை. இடம் சரியில்லை, சத்தம், எல்லாம் சரி. காதுல விழலைன்னா எந்திரிச்சு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா தளவாய் இன்னைக்கு இருந்திருப்பான்.”

உலகம்மை அவர் முகத்தைப் பார்த்தாள். நடிக்கிறாரா என்று பார்ப்பது போல் இருந்தது. அவர் நடிக்கவில்லை என்று தெரிந்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கேட்டேனேய்யா” என்றாள்.

“எங்கிட்டயா?”

“உங்ககிட்டதான்.”

“பிறகு ஏன் ஊர்க்காரங்க முன்னால அதைச் சொல்லல?”

“எம்மருமகன் அங்க கட்டையாக் கெடந்தான். நான் கேட்டேனா கேட்கலையாங்கிறதா அன்னைக்குப் பெருசு?”

காளவாய்க்குள் கல் வெடிக்கும் ஓசை கேட்டது. யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று கையைக் காட்டினாள்.

ஆதிமூலம் நினைவைத் துழாவினார். நாபிப் பாடம் நினைவிருந்தது. தாம் சொன்ன ஒவ்வொரு வரியும் நினைவிருந்தது. அவள் எழுந்து நின்றது நினைவில் இல்லை.

“என்ன கேட்ட?”

“நீங்க அளவு சொன்ன உடனே எந்திரிச்சேன். ‘அரையா, ஆறா ஐயா’ன்னு கேட்டேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

அவள் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாள் போலும். கூடை இருந்த இடத்துக்கு நடந்தாள். அவர் விடாமல் பின்னாலேயே வந்தார்.

“‘அரைக்கிற இடம் வாசலுக்கு வெளிய இருக்கு. ஆற வைக்கிற இடம் அடுப்படியில இருக்கு. உனக்கு எது தோதோ அங்க போய் உட்காரு’ன்னு சொன்னீங்க.”

அவள் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

“எல்லாரும் சிரிச்சாங்கய்யா. நானும் சிரிச்சிட்டு உட்கார்ந்துட்டேன்.”